ஷிப்டு முடிஞ்சா எங்கே போறது?

ஓசூரில் பி.எஸ்ஸி. படித்த பிள்ளையிடம், ‘உன் யுனிவர்சிட்டி எது?’னு கேட்டுப் பாருங்க. ‘பெரியார் பல்கலைக்கழகம்’ என்பான். அது இருப்பது சேலத்தில். சுமார் 160 கிலோமீட்டர்!

1997-ல் அது வந்தது நல்ல காரியம். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு அதுதான் தாய்வீடு. முதுகலை, பிஎச்.டி. எல்லாம் உண்டு. ஆனால், அதன் முதுகலை விரிவாக்க மையம் தர்மபுரியோடு நின்றுவிட்டது.

எதிர்ப்பக்கம் பெங்களூரு, 40 கிலோமீட்டர்தான். டாடா பணமும் மைசூர் சமஸ்தானம் தந்த 371 ஏக்கரும் சேர்ந்து 1909-ல் அங்கே எழும்பியது இந்திய அறிவியல் கழகம். 1980-களில் அதே டாடாவோடு நம்ம டிட்கோ கைகோத்தது. ஓசூருக்கு வந்தது டைட்டன் வாட்ச் ஃபேக்டரி. தப்பே இல்லை, எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால், அவங்க ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தாங்க. நாம ஷிப்டுக்கு மட்டும் கொடுத்தோம்.

காமர்ஸ் படித்த புத்தி கணக்குப் பார்க்கிறது. சிப்காட்டில் மெஷின் ஓட்டும் பையனுக்கு, ‘இந்த உலோகம் ஏன் இப்படித் தேயுது?’ன்னு ஒரு கேள்வி வருது. ஷிப்டு முடிஞ்சு அவன் நடந்து போற தூரத்தில் ஓர் ஆய்வுத்துறை இருந்தால், அந்தக் கேள்வி பிஎச்.டி. ஆகும். இல்லையென்றால், டீக்கடையிலேயே ஆறிப்போகும்.

நாலு மாவட்டத்துக்கும் பல்கலைக்கழகம் என்றால், நாலாவது மாவட்டத்திலும் ஒரு வாசல் வேணாமா, சொல்லுங்க?