ஆவூருக்கு எதற்கு இரவல் வயது?

இத்தாலியின் இராவென்னா நகரைப் பற்றி எழுதுவோர், சமதளமான அதன் தெருக்களில் மிதிவண்டியில் ஆலயம் ஆலயமாகச் செல்வதைப் பெரும்பாலும் வியந்துரைப்பர். அங்குள்ள புனித வித்தாலிஸ் ஆலயம் 547-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் சுவர்களில் பேரரசர் யுஸ்தினியானும் அரசி தியோதோராவும் வண்ணச் சில்லுகளால் ஆன ஓவியங்களாக இன்றும் நிற்கின்றனர்.

மிதிவண்டிக்கு நம் புதுக்கோட்டையும் குறைந்த ஊரன்று. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கற்றனர் என்பர். அவர்களுள் ஒருவர் நகரிலிருந்து புறப்பட்டால் முதலில் சித்தன்னவாசலை அடைவார். சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகம். அதில் மீன், அன்னம், யானை, எருமை. மலர் கொய்யும் மனிதர். பாண்டியன் சீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்தான் என்று கல்வெட்டே கூறுகிறது. அங்கே வயதைப் பற்றி ஐயமில்லை.

அங்கிருந்து வடக்கே சென்றால் ஆவூர். பெரியநாயகி மாதா ஆலயம். இங்கேதான் நம் மனம் உறுத்துகிறது. பழைய சிற்றாலயத்தை 1547-இல் அருள்தந்தை யோவான் வெனான்சியுஸ் புஷே கட்டினார் என்று சுற்றுலாக் குறிப்புகள் எழுதுகின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியதாகவே தோன்றுகிறது. புஷே பிறந்ததே 1655-இல்! மதுரை மறைப்பணியைத் தத்துவபோதகர் தொடங்கியது 1606-இல். புஷே இந்தியா வந்தது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அப்படியிருக்க, தாம் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே அவர் எப்படிக் கட்டியிருக்க முடியும்?

இன்னொன்றும் உண்டு. புதிய ஆலயம் 1747-இல் எழுந்ததாம். வீரமாமுனிவர் 'இந்த ஆலயத்தில்' பணி செய்தாராம். தேம்பாவணி தந்த முனிவர் 1747 பிப்ரவரிக்குப் பின் உயிரோடு இல்லை. ஆகவே அவர் ஆவூரில் திருப்பலி நிறைவேற்றியிருந்தால் அது முந்தைய ஆலயத்திலாகவே இருக்க வேண்டும். நமக்கு அதுவே பெருமையாகப் படுகிறது. இன்று நிற்கும் கட்டடத்தோடு அவரை ஒட்டவைப்பதால் அந்தப் பழைய ஆலயத்தின் நினைவுதான் அழிகிறது.

தொன்மை என்றால் ஏனோ நமக்கு ஓர் ஆசை. முந்நூறு ஆண்டு போதாதென்று நானூற்றைம்பது கேட்கிறோம். இராவென்னாவுக்கு அதன் ஆண்டைக் கூட்டிச் சொல்லும் தேவை நேரவில்லை, சித்தன்னவாசலுக்கும் நேரவில்லை. நம் குறிப்புகளோ எண்ணைப் பெருக்கிவிட்டு, ஆலயத்தின் கட்டடக் கலையையும், பாஸ்காவையும், தேர்த் திருவிழாவையும் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பேருந்தில் வந்து அரைமணியில் திரும்புவோருக்கு அது போதும். மிதிவண்டியில் வருபவர் நிழலில் அமர்ந்து நிதானமாகப் படிப்பார். முப்பதாண்டுக்கு முன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பெண்ணின் கையில் நாம் எதைத் தருகிறோம்? எழுத்தறிவித்த மாவட்டத்தில் இப்படியொரு பிழை நீடிப்பது முறையன்று.

அடுத்த பாஸ்கா விழாவுக்குள் அந்த 1547 நீக்கப்பட வேண்டும். புஷேயின் பெயர் அவர் வாழ்ந்த நூற்றாண்டோடு எழுதப்பட வேண்டும்.