இசைத்தட்டில் ஒலித்த வர்க்கக் குரல்

மேனாட்டு றொக் இசை என்றதும் முகஞ்சுளிக்கும் பழக்கம் நம் முற்போக்கு நண்பர் சிலரிடம் உண்டு. சந்தைக்கென்றே பிறந்த பண்டத்தில் மக்கள் குரல் எங்ஙனம் ஒலிக்கும் என்பது அவர்தம் வாதம். கிரீடென்ஸ் கிளியர்வோட்டர் றிவைவல் என்னும் அமெரிக்கக் குழுவின் இசைத்தட்டுக்கள் இவ்வாதத்திற்கு நல்ல உரைகல்லாகும்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த இந்நால்வரும் 1968 முதல் 1972 வரை ஏழு நெடுந்தட்டுக்களை வெளியிட்டனர். 1969இல் மட்டும் மூன்று. சமகாலக் குழுக்கள் பல நீண்ட வாத்தியக் கோலங்களில் மயங்கிக் கிடக்க, இவர்களுடைய சிறந்த பாடல்கள் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடுவன. சொல் எளியது, தாளம் உழைப்பவனின் நடையை ஒத்தது.

1969இல் வெளிவந்த ‘ஃபோர்ச்சுனேற் சன்’ இவர்களின் தலைசிறந்த பாடல் எனலாம். வியட்நாம் போருக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு நடந்த காலம் அது. கல்லூரி மாணவருக்கு ஒத்திவைப்புக் கிடைத்தது; செல்வாக்குள்ளோர் மக்கள் தப்பிக்க வழிகள் இருந்தன. இப்பாடல் போரைப் பொதுப்படச் சபித்து அமையவில்லை; போருக்குப் போகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறது. அதை எழுதிப் பாடிய ஜோன் ஃபோகேட்டி தாமே இராணுவச் சேமப் படையில் இருந்தவர். அனுபவமும் வர்க்கப் பார்வையும் இணைந்தமையால் அது வெறும் பிரசாரமாகத் தாழவில்லை.

குறையும் உண்டு. கலிபோர்னியாவில் வளர்ந்த ஃபோகேட்டி, ‘போர்ன் ஒன் த பேயூ’ போன்ற பாடல்களில் தெற்கின் சதுப்புநிலத்தைத் தாயகமாக்கிப் பாடினார். கறுப்பின மக்களின் புளூஸ் இசைக்கு அவர் பட்ட கடன் பெரிது; அம்மக்களின் துயரோ இப்பாடல்களில் அருகியே ஒலிக்கிறது. 1971இல் அண்ணன் ரொம் விலகியபின், எஞ்சிய மூவரும் எழுதும் பொறுப்பைப் பகிர்ந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டின் இறுதித்தட்டு மிக மெலிந்தது. பங்கீடு மட்டும் கூட்டுப் படைப்பாகிவிடாது.

பாடல்களின் உரிமையோ ‘ஃபன்ரசி’ நிறுவனத்திடம் இருந்தது. 1980களில் அந்நிறுவனம், ஃபோகேட்டியின் புதிய பாடலொன்று அவருடைய பழைய பாடலின் நகல் என்று அவர்மீதே வழக்குத் தொடுத்தது! 1988இல் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதிய பாடல்களின் வெளியீட்டுரிமையில் பெரும்பங்கை அவர் பெற்றது 2023இலேதான்.

ஆகவே, சந்தைக்குள்ளும் மக்கள் குரல் ஒலிக்கும் என்பது உண்மை. ஆயின் அக்குரலுக்கு உடைமையாளன் யார்? பாடலை மதிப்பிடுவோர் இவ்வினாவையும் மறத்தலாகாது.