பின்னிணைப்புகள்

கல்லூரி மாணவர் ஒருவர் வினாநிரலோடு என்னைப் பார்க்க வந்தார். சிறுபத்திரிகைகள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. பதினெட்டுக் கேள்விகள். ஏழாவது: 'தங்கள் கவிதைகளில் காணலாகும் சமுதாயச் சிக்கல்கள் யாவை?' என் கவிதை எதையும் அவர் படித்திருக்கவில்லை. நெறியாளர் தந்த பட்டியலில் என் பெயர் இருந்ததாம். இதை அவர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கோபம் வந்திருந்தால் கல்வித்துறையினர் மீது நாம் வழக்கமாக வைக்கும் வசையை இன்னொரு தடவை எழுதிவிட்டு ஓய்ந்திருப்பேன். அதற்குப் பதிலாக, இவர் எழுதப்போவது எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கத் தோன்றியது.

ஆய்வேடுகளின் மின்பிரதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கட்டாயமாக்கியது. காந்திநகரிலிருந்து நடத்தப்படும் 'சோத்கங்கா'வில் அவை வந்து குவிகின்றன. முன்பு துறை நூலகத்து அலமாரியில் பூட்டிக் கிடந்தவை, இப்போது யாரும் எடுத்துப் பார்க்கலாம். சில வாரங்கள் தமிழ் ஆய்வேடுகளாகவே படித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதல் இயல் 'ஆசிரியரின் வாழ்வும் படைப்பும்'. அடுத்துப் பாத்திரப்படைப்பு, சமுதாயச் சிக்கல்கள், உவமை, நடை. முடிவுரையில் ஒவ்வொரு இயலின் சுருக்கமும் திரும்ப வரும். நாவலாசிரியர் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரை வைத்தால் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே நிற்கும். 'இன்னாருடைய நாவல்கள் சமுதாயத்தைப் பிரதிபலிக்கின்றன' என்பது கருதுகோள். முந்நூறு பக்கம் கழித்து அது மெய்ப்பிக்கப்பட்டுவிடுகிறது. பிரதிபலிக்கவில்லை என்று முடிந்த ஆய்வேடு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

பட்ட ஆய்வு என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. சங்கப் பாடல்களை ஹோமர் முதலானோரின் வாய்மொழி வீரயுகப் பாடல்களோடு வைத்துப் பார்த்தார். ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கே சம்மதமில்லாத இடங்கள் உண்டு. ஆனால் அவர் மறுக்கக்கூடிய ஒன்றைச் சொன்னார். நம் ஆய்வேடுகளோடு சண்டை போடக்கூட முடியவில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். தற்செயலாகப் பின்னிணைப்புகளைப் பார்க்கப் போய்த்தான் என் எரிச்சல் குழம்பிவிட்டது. ஒரு பெண் தன் சொந்த ஊர்ப் பக்கத்து ஒப்பாரிகளை எடுத்துக்கொண்டிருக்கிறார். 'ஒப்பாரியில் உவமைகள்' என்ற இயல் எதிர்பார்த்தபடியே இருக்கிறது. கடைசியில் அறுபது பக்கம் பாடல்கள். பாடியவர் பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள். பேச்சு வழக்கு திருத்தப்படவில்லை. பாதியில் மறந்துபோன இடத்தில் 'மறந்துபோச்சு' என்று பாட்டி சொன்னதையும் எழுதியிருக்கிறார். இயல்களை எழுதியது பல்கலைக்கழகம். இந்த அறுபது பக்கத்தை எழுதியவர் அவர். நா. வானமாமலை பாளையங்கோட்டையில் எந்தப் பல்கலைக்கழகப் பதவியும் இல்லாமல் இருந்துகொண்டு 1964இல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளில் சேகரித்தவர் பெயரும் இடமும் பாட்டோடு வரும். அந்தச் சிரத்தையின் மிச்சம் இங்கே கடைசிப் பக்கங்களில் ஒதுங்கிக் கிடக்கிறது.

கதாசிரியர்கள் பற்றிய ஆய்வேடுகளிலும் இப்படித்தான். எந்தக் கதை எந்தப் பத்திரிகையில் எந்த மாதம் வந்தது என்ற பட்டியலை, யாரோ ஒருவர் நூலகத்தில் தூசி தின்று எடுத்திருக்கிறார். தேதி என்ன செய்யும் என்பதற்கு 2000இல் வெளிவந்த புதுமைப்பித்தன் கதைகளின் பதிப்பே சாட்சி. வேங்கடாசலபதி அவற்றைக் கால வரிசைப்படுத்தி முதல் வெளியீட்டு விவரங்களோடு தந்த பிறகு, நாம் அதுவரை உத்தேசமாகப் பேசிவந்த பலவற்றைத் திரும்ப யோசிக்க வேண்டியதாயிற்று. நாமோ நம் இதழ்களில் மாதத்தைக்கூட ஒழுங்காகப் போட்டதில்லை. 'இதழ் 7' என்று மட்டும் இருக்கும். அதை ஒரு கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆவணத்தின் அட்டவணைக்குப் பின்னிணைப்பு தெரியாது. தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், பல்கலைக்கழகம், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். தமிழ்த் தலைப்புகள் பல ரோமன் எழுத்தில் ஏறியிருக்கின்றன. உள்ளே பழைய எழுத்துருவோ, வெறும் பக்கப் படமோ. தமிழில் தேடினால் சிக்காது. ஒரு ஆய்வேடு இயல் இயலாகத் தனிக் கோப்புகளாக வெட்டப்பட்டிருக்கிறது. நான் தேடிய சிலவற்றில் பின்னிணைப்பு இல்லவே இல்லை. சடங்கு பத்திரமாக இருக்கிறது, சரக்கைக் காணோம்.

கல்லூரி ஆண்டு மலர்களின் கதி இதைவிட மோசம். முதல்வர் படம், விளையாட்டுக் கோப்பைகள், விடுதி அறிக்கை, இவற்றுக்கெல்லாம் பிறகு ஒரு பையனின் முதல் கவிதை. நூலகர் இதைப் புத்தகம் என்றும் சேர்க்கமாட்டார், பத்திரிகை என்றும் சேர்க்கமாட்டார். பழைய பேப்பர்காரருக்கு அந்தச் சங்கடம் இல்லை. 2005இல் தொடங்கிய ஈழத்து 'நூலகம்' இணையத் திட்டத்தில் பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதி'ரும், பள்ளி மலர்களும், இறந்தோர் நினைவு மலர்களும் வரிசையில் இருக்கின்றன. பெரும்பாலும் தன்னார்வலர்கள் செய்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்ததைப் பார்த்த சமூகம், எந்தத் தாள் உசத்தி எந்தத் தாள் மட்டம் என்று தரம் பிரிக்கத் துணியாது. இந்தப் பக்கம் அந்தப் புத்தி கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதியவருக்கு இருந்தது. ரோஜா முத்தையா நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும்கூட எறியவில்லை. 1992இல் அவர் காலமான பின் அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். 1994இல் அது சென்னையில் நூலகமாயிற்று.

நம் கல்லூரிகள் சும்மா இருக்கவில்லை. 2010இல் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறை வந்ததும் கருத்தரங்கத் தொகுப்புகள் செங்கல் கனத்தில் வெளிவந்தன. கட்டணம் கட்டினால் நாலு பக்கம், முகப்பில் ஐ.எஸ்.பி.என். எண். தான் ஒப்புக்கொண்ட ஆய்விதழ்களில் 4305ஐ மானியக் குழுவே 2018இல் பட்டியலிலிருந்து நீக்கியது. அவற்றில் அச்சானவையும் எங்கோ ஆவணமாக இருக்கும்.

மாணவர் இரண்டாம் தடவை வந்தபோது ஏழாவது கேள்வியை விட்டுவிடச் சொன்னேன். பரணிலிருந்து இதழ்களை இறக்கினோம். எந்த இதழ் எந்த மாதம், எது வரவே இல்லை, எது வந்தும் என்னிடம் இல்லை, எந்தப் புனைபெயர் யாருடையது என்று ஒரு பகல் முழுக்கச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பதினொரு பக்கம் வந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டார்: "ஐயா, இதைப் பின்னிணைப்பாகத்தான் போட முடியும். பக்கம் கூடுகிறது என்று நெறியாளர் எடுத்துவிடச் சொன்னால் என்ன செய்வது?"

நகல் ஒன்று எனக்கு எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.