கண் முகாம் பஸ்

எங்கள் பக்கத்தில் மஞ்சுவிரட்டு உண்டு, மாசிக் களரி உண்டு, பங்குனியில் பூக்குழி உண்டு. எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவன்தான் நான். ஆனால் எனக்கு அத்தனையையும் விடப் பெரிய திருவிழா ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர் அரிமா (லயன்ஸ்) சங்கத்தார் அரசுப் பள்ளி வளாகத்தில் நடத்தும் இலவசக் கண் சிகிச்சை முகாம். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் மொய்யை முதல் நாளே கொடுத்துவிட்டு முகாமுக்கு ஓடிவிடுவேன்.

ஒரு வாரத்துக்கு முன்பே ஊர் சூடாகிவிடும். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஒருவர் கிராமம் கிராமமாகப் போவார். ரேஷன் கடை, டீக்கடை, நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரை என்று ஓரிடம் விடாமல் பிட் நோட்டீஸ் போய்ச் சேரும். பெஞ்சு, பந்தல், தண்ணீர் கேன், சாப்பாடு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. மருத்துவர்களும் செவிலியர்களும் கருவிகளும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வேனில் வந்து இறங்கும். காலை எட்டு மணிக்கெல்லாம் வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிடும்.

உள்ளே நடக்கிற வேலையின் ஒழுங்கைப் பார்க்க வேண்டுமே! ஒரு மேசையில் பெயர்ப் பதிவு, அடுத்த வகுப்பறையில் பார்வைச் சோதனை. படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே ஒரு அட்டை உண்டு. எழுத்து எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்டினால் போதும். பிறகு டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். கண்ணின் அழுத்தம், கண்ணீர்ப் பாதையில் அடைப்பு, பிரஷர், சுகர் எல்லாம் முடிந்து, புரை முற்றியவர்களுக்குச் சீட்டு எழுதுவார்கள். கண்ணாடி மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனி மேசை.

அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு உயிரான இடம். பஸ்.

ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களை அன்றைக்கே, மாற்றுத்துணிப் பையோடு, பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ‘பிறகு வாங்க’ என்று அனுப்பினால் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்பது அரவிந்த் தன் ஆரம்பகால முகாம்களிலேயே கற்ற பாடம். சிகிச்சை இலவசம்தான். ஆனால் பஸ் காசு? கூட வரும் ஆளின் ஒருநாள் கூலி? அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி? எல்லாவற்றுக்கும் மேலே பயம். போக்குவரத்து, தங்கல், சாப்பாடு, ஆபரேஷன், உள்ளே வைக்கும் லென்ஸ், திரும்பி வரும் பயணம் எல்லாமே ஒரே கட்டாகக் கிடைக்கும் என்றான பிறகுதான் ஏழைகள் தைரியமாக வந்தார்கள். அந்தக் கட்டில் பாதி மருத்துவமனையின் வேலை என்றால் மீதி ஊர்ச் சங்கத்தின் வேலை.

பயத்தைப் போக்குவது இருக்கிறதே, அதை எந்தப் பெரிய டாக்டராலும் செய்ய முடியாது. ஊர்க்காரன்தான் செய்ய வேண்டும். போன முகாமில் ஒரு பாட்டி பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றுவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. எங்கள் சங்கச் செயலாளர் பஸ் ஸ்டாண்டு எதிரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏறு ஆத்தா, நானும் கூடத்தான் வாரேன்” என்றார்.

“ஊசி போடும்போது வலிக்குமாய்யா?”

“எங்க அம்மாவுக்கும் அங்கதான் பண்ணுச்சு. இப்ப கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஊசியில நூலு கோக்குது. வேணும்னா நாளைக்குக் கூட்டியாந்து காட்டுறேன்.”

பாட்டி ஏறிவிட்டார். எத்தனை கோடி ரூபாய் கொடுத்தாலும் வாங்க முடியாத ஒரு நம்பிக்கையை அந்த மருந்துக்கடைக்காரர் ஒரு நிமிடத்தில் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிலிர்த்துவிட்டது.

கட்டுப் பிரித்த அன்று அவர்களைத் திரும்ப அழைத்துவர நானும் போயிருந்தேன். பாட்டி செயலாளரை மேலும் கீழும் பார்த்தார். “நீதானா அது? குரலக் கேட்டு வாட்டசாட்டமான ஆளுன்னுல்ல நெனச்சிருந்தேன்!” வார்டே சிரித்தது.

சங்கம் என்றாலே பொன்னாடையும் போட்டோவும்தானே என்று சொல்பவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை நான் கையைப் பிடித்து முகாமுக்குக் கூட்டிப்போகிறேன். ஜூலை மாதப் பணியேற்பு விழாவில் பொன்னாடை போர்த்தட்டுமே, தாராளமாகப் போர்த்தட்டும். அதைப் போர்த்திக்கொள்கிற மனிதர்தான் பஸ்ஸுக்கு டீசல் போடுகிறார். நகைக்கடைக்காரர் சாம்பார் வாளியைத் தூக்குவதையும், ஓய்வுபெற்ற தாசில்தார் குனிந்து ஒரு தாத்தாவின் செருப்பை எடுத்துக் கொடுப்பதையும் வேறு எங்கே பார்க்க முடியும்?

நம் ஊர்ப் பள்ளி வளாகத்தில் நடப்பதன் வேர் எங்கெங்கோ ஓடுகிறது. 1917-ல் சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் உருவாக்கியது அரிமா சங்கம். 1925-ல் ஒஹையோவின் சீடர் பாயிண்டில் நடந்த மாநாட்டுக்குப் பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தச் சொல்லை உலகம் முழுவதும் இருக்கும் சங்கங்கள் இன்றுவரை காப்பாற்றி வருகின்றன. 1990-ல் பார்வையிழப்பைத் தடுக்க ‘சைட் ஃபர்ஸ்ட்’ என்ற பெருந்திட்டமே தொடங்கினார்கள். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அந்த மாமனிதர், 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த். அரிமா சங்கங்களின் உதவியோடு அங்கே 1992-ல் ஒரு பயிற்சி நிறுவனம் எழுந்தது. பெயரிலேயே ‘லயன்ஸ்’ இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவின் பல நாடுகளிலிருந்தும் கண் மருத்துவமனைக்காரர்கள் அங்கே வந்து, குறைந்த செலவில் நிறையப் பேருக்கு எப்படிப் பார்வை கொடுப்பது என்று கற்றுக்கொண்டு போகிறார்கள். அதே 1992-ல் அரவிந்த் தொடங்கிய அரோலேப், மதுரையில் செய்யும் லென்ஸை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது. நம் ஊர் சாம்பார் வாளிக்கும் கென்யாவில் ஒரு கிழவியின் பார்வைக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கும்போது எனக்கு மார்பு விம்முகிறது!

ரோட்டரிக்காரர்களை விட்டுவிட்டுப் பேசினால் பாவம். பிலிப்பைன்ஸில் 60 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்க 1979-ல் இறங்கினார்கள். 1985-ல் உலகத்தையே கையில் எடுத்தார்கள். 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு, மூன்றே ஆண்டுகளில் 24 கோடியைத் தாண்டிவிட்டது. 1988-ல் உலகில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பிள்ளைகளைப் போலியோ முடக்கிக்கொண்டிருந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச்சில் நமக்குப் போலியோ இல்லை என்ற சான்றே கிடைத்துவிட்டது. அரசு ஊழியர்களின் உழைப்பு மலையளவு. அந்த மலைக்குப் பக்கத்தில், பஸ் ஸ்டாண்டில் குடை பிடித்து நின்று, சொட்டு மருந்து குடித்த பிள்ளையின் சுண்டுவிரலில் மை வைத்த ரோட்டரி அண்ணாச்சிகளையும் நான் கும்பிடுகிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஹெல்ஸ்டன் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள ரோட்டரி சங்கம் 2000-ல் ஒரு யோசனை செய்தது: பேரிடரில் வீடிழந்த குடும்பத்துக்குக் கூடாரம், போர்வை, பாத்திரம் எல்லாம் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பினால் என்ன? ‘ஷெல்டர்பாக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். முதன்முதலாக அனுப்பிய 143 பெட்டிகளும் எங்கே வந்தன தெரியுமா? 2001 பூகம்பத்தில் இடிந்துபோன நம் குஜராத்துக்கு! சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கூடிப் பேசும் நம் ஊர்ச் சங்கங்களைப் போன்ற ஒரு சங்கம்தான் அதுவும்.

ஆபரேஷன் ஆன ஒரு மாதத்தில் மறுபரிசோதனை உண்டு. அதற்கும் நான் ஆஜர். இந்த முறை பாட்டி தனியாக வரவில்லை, தெருவில் இருந்து மூன்று பேரை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அதில் ஒருவர் பயந்துபோய்ப் பின்வாங்க, பாட்டி அவர் முழங்கையைப் பிடித்துச் செயலாளர் மேசைக்கு முன்னால் நிறுத்தினார்.

“இவ எங்க நாத்தனா. ஊசி வலிக்காதுன்னு நான் சொல்லிட்டேன். நீ பேரை எழுதுய்யா.”