கின்சியின் கணக்கேடு

ஆல்பிரட் கின்சி என்ற பெயரைக் கேட்டதும் முகஞ்சுளிப்போரும், அவரைப் பாலியல் விடுதலையின் தூதுவராகப் போற்றுவோரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர்: இருசாராரும் பெரும்பாலும் அவர் நூல்களைப் படித்தவரல்லர். படித்திருப்பின், ஆண்களின் பாலியல் நடத்தை பற்றி 1948இல் வெளிவந்த நூல், அட்டவணைகள் நிறைந்த, கிளர்ச்சியூட்டும் தன்மை சிறிதுமற்ற ஒரு விலங்கியலாளனின் கணக்கேடு என்பதை அறிந்திருப்பர்.

கின்சி (1894–1956) ஓக் மரங்களிற் புடைப்புக்களை உண்டாக்கும் சிறு குளவிகளை ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆராய்ந்தவர். ஓரினத்துள்ளும் உயிருக்குயிர் வேறுபாடுண்டு என்பது அவ்வாராய்ச்சி அவருக்குப் புகட்டிய பாடம். 1938இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் விவாகம் பற்றிய பாடநெறியைப் பொறுப்பேற்றபோது, மாணவரின் வினாக்களுக்கு விடைகூறத் தக்க தரவுகள் இல்லையெனக் கண்டார். குளவிகளை எண்ணிய பொறுமையோடு மனிதரை எண்ணத் தலைப்பட்டார். நேரிற் பேசி, விடைகளைப் பிறர் அறியாக் குறியீடுகளிற் பதிந்து, ஏறத்தாழ 5,300 ஆண்களின் வரலாறுகளை முதல் நூலிலும், 5,940 பெண்களின் வரலாறுகளை 1953ஆம் ஆண்டு நூலிலும் ஆராய்ந்தார்.

அந்நூல்கள் எழுப்பிய ஆரவாரத்தில் அமிழ்ந்துபோன ஒரு பகுதியே எம்மை மிகவும் ஈர்க்கின்றது. கல்வித்தரத்தாலும் தொழிலாலும் மக்களைப் பிரித்து நோக்கிய கின்சி, குறைந்த கல்வியுடையோரிடம் மணத்துக்கு முந்திய உறவு கூடுதலாகவும், பல்கலைக்கழகம் சென்றோரிடம் சுயஇன்பம் கூடுதலாகவும் இருப்பதைக் கண்டார். ஒவ்வொரு பிரிவினரும் மற்றவரின் வழக்கத்தையே ஒழுக்கக்கேடென்றனர். ஆனால், சட்டத்தை இயற்றியவர் மேற்படியினர்; அவர்தம் ஒழுக்கமே நீதியாயிற்று. வர்க்கம் என்ற சொல்லை அரசியற் பொருளில் ஆளாத ஒருவர் கண்ட உண்மை இது!

ஓரினச் சேர்க்கையை 0 முதல் 6 வரையான அளவுகோலில் நோக்கியதும் அத்தகையதே. மனிதரை இரு தொழுவங்களில் அடைக்கவியலாது என்பது அதன் பொருள். அவர் தரவுகளையும் கருத்திற் கொண்ட அமெரிக்கச் சட்ட நிறுவகம், வயதுவந்தோர் இசைந்து தனிமையிற் புரிவதைக் குற்றமாக்கலாகாதென 1955இல் முன்மொழிந்தது. இலினோய் மாநிலம் 1961இல் அதனைச் சட்டமாக்கிற்று.

எழுமாற்று மாதிரி இல்லை, சிறைவாசிகள் அளவுக்குமீறி இடம்பெற்றனர் என்ற குறைகள் யாவரும் அறிந்தவை. வெள்ளையரல்லாதாரை ஆய்வினின்று விலக்கியமை அவற்றினும் பாரதூரமானது. 'மனித ஆண்' என்ற தலைப்புக்கு அந்நூல் உரித்துடையதன்று.

எனினும் எமது தலையாய வாதம் வேறு. உச்சவுணர்வை அலகாகக் கொண்டு எண்ணியவருக்கு, அதனை எய்தியவர் யார், அதற்காக வருந்தியவர் யார் என்பன ஒரே நிரலில் அடங்கின. கணவனின் உழைப்பை நம்பி வாழும் மனைவியின் இசைவு எத்தன்மைத்து? அட்டவணையில் அதற்கு இடமில்லை. 1948ஆம் ஆண்டு நூலின் ஐந்தாம் அத்தியாயம் சிறுவர்கள் பற்றிய 'அவதானிப்புக்களை' எண்களாகத் தருகின்றது. அவை குழந்தைகளைச் சீரழித்தவனின் குறிப்புக்கள். எவரையும் தீர்ப்பிடாத விஞ்ஞானி, அவனையும் தீர்ப்பிடாது ஒரு தகவலாளனாகவே ஏற்றுக்கொண்டார். பலரிடம் பெற்றவைபோல் நூலிற் காட்டப்பட்ட அத்தரவுகள் ஒரே மனிதனுடையவை எனக் கின்சி நிறுவனத்தின் பணிப்பாளரே கூறியது 1990களின் நடுப்பகுதியிலேதான்.