லோ: ஓர் இசைத்தட்டும் இரண்டு மதிப்புரைகளும்

லோ, பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி 1977 ஜனவரி 14 அன்று ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட இசைத்தட்டு. பதினொரு தடங்கள் கொண்டது. முதல் பக்கத்தில் ஏழு சிறிய தடங்கள். அவற்றில் இரண்டில் குரலே இல்லை. இரண்டாம் பக்கத்தில் மெதுவாக நகரும் நான்கு இசைத்துண்டுகள். அங்கே குரல் வந்தாலும் பெரும்பாலும் பொருள்தரும் சொற்கள் வருவதில்லை. 1970களின் சிறந்த இசைத்தட்டுகளைப் பட்டியலிடுபவர்கள் இன்று லோவைத் தவிர்ப்பது அரிது. வெளியானபோது நிலைமை அப்படி இல்லை. அன்றைய எதிர்ப்பைக் காலத்தைப் புரிந்துகொள்ளாதவர்களின் பிழை என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த எதிர்ப்பு அவ்வளவு எளிதாகத் தள்ளத்தக்கதல்ல.

பின்னணி

கொக்கெயின் பழக்கத்தால் உடலும் மனமும் நலிந்திருந்த போவி, 1976இல் லாஸ் ஏஞ்சலஸ் வாழ்க்கையை விட்டு ஐரோப்பாவுக்கு வந்தார். லோவின் பெரும்பகுதி பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள எரூவில் மாளிகையின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயிற்று. எஞ்சிய பணி மேற்கு பெர்லினில், சுவரை ஒட்டியிருந்த ஹான்சா கூடத்தில் முடிந்தது. போவியுடன் சேர்ந்து தயாரித்தவர் டோனி விஸ்கான்டி. சின்தசைசர் வாசித்தும் யோசனைகள் தந்தும் துணைநின்றவர் பிரையன் ஈனோ. அவரைத் தயாரிப்பாளர் என்று சொல்வது பரவலான தவறு.

இந்த இசைத்தட்டைப் பற்றிய எழுத்துகளில் தவறாமல் வரும் சொல் கிரவுட்ராக். மேற்கு ஜெர்மனியில் எழுந்த சோதனை ராக் இசைக்கு பிரிட்டிஷ் இசை இதழ்கள் பரப்பிய பெயர் இது. 'கிரவுட்' ஜெர்மானியரை இளக்காரமாகக் குறிக்கும் சொல். கிராஃப்ட்வெர்க், நோய், கிளஸ்டர், ஹார்மோனியா போன்ற குழுக்கள் அமெரிக்க ப்ளூஸ் அச்சை விட்டுவிட்டு, ஒரே தாளத்தின் நீண்ட தொடர்ச்சியையும் மின்னணு ஒலிகளையும் நம்பியவை. (நோய் என்றால் ஜெர்மன் மொழியில் 'புதியது'. தமிழில் எழுதும்போது குழுவுக்குக் கொஞ்சம் அநீதி நேர்ந்துவிடுகிறது.) போவி தன் 1976 சுற்றுப்பயணத்தில், மேடையேறுமுன் கிராஃப்ட்வெர்க்கின் இசையை அரங்கில் ஒலிக்கவிட்டார். அதே ஆண்டில் ஈனோ ஹார்மோனியாவுடன் ஜெர்மனியில் பதிவு செய்தார். ஆகவே தொடர்பு உண்மையானது.

ஆனால் லோவின் தாளம் ஜெர்மன் தாளமல்ல. டிரம்ஸ் டென்னிஸ் டேவிஸ், பாஸ் கிதார் ஜார்ஜ் மர்ரே, கிதார் கார்லோஸ் அலோமார் என மூவரும் அமெரிக்க ஆர்&பி மரபில் தேர்ந்தவர்கள். கிராஃப்ட்வெர்க்கின் இயந்திரத் தாளத்திலிருந்து தான் விலகியது இங்கேதான் என்று போவியே பின்னர் விளக்கியிருக்கிறார். ஜெர்மானியரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது அமைப்பை. பாடகர் பாட்டின் நாயகனாக இருக்க வேண்டியதில்லை. பாட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டியதும் இல்லை. 'சவுண்ட் அண்ட் விஷன்' பாடலில் ஏறத்தாழ பாதி நேரம் கடந்தபிறகே போவியின் பாட்டு தொடங்குகிறது. அது பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை ஏறியது. விஸ்கான்டி ஈவென்டைட் ஹார்மனைசர் என்ற கருவியைக் கொண்டு டிரம்ஸின் சுருதியைக் கீழே சரியவைத்தார். அடி விழுந்த கையோடு தரை உள்வாங்குவதுபோல் கேட்கும் அந்த ஒலியைப் பின்னாளில் பலர் தேடி அலைந்தார்கள்.

அன்றைய வரவேற்பு

1976 இறுதியில் வரவேண்டிய இசைத்தட்டை ஆர்.சி.ஏ. தள்ளிப்போட்டது. விற்பனை அவர்கள் அஞ்சியதுபோல் சரியவில்லை. லோ பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் அமெரிக்காவில் பதினோராம் இடத்தையும் எட்டியது. பாடகர் நிக் லோ, தன் பெயரிலிருந்து ஒரு எழுத்தைக் குறைத்துத் தலைப்பாக்கிவிட்டதாகப் பாவித்து, போவியின் பெயரிலும் ஒரு எழுத்தைக் குறைத்து ஒரு சிறு இசைத்தட்டுக்குப் பெயரிட்டார்.

அமெரிக்க விமர்சகர்கள் பலர் இசைத்தட்டை நடுவில் வெட்டி இரண்டு மதிப்பெண் போட்டனர். ராபர்ட் கிறிஸ்காவுக்கு முதல் பக்கத்தின் துண்டுகள் பிடித்தன. இரண்டாம் பக்கம் அவருக்குத் திரைப்படப் பின்னணி இசையாகத் தாழ்ந்து தெரிந்தது. ரோலிங் ஸ்டோன் மதிப்புரையும் முதல் பக்கத்தின் சார்பிலேயே நின்றது. இப்படிப் பிரித்தால் வேலை சுலபம். ஆனால் முதல் பக்கத்திலேயே ஒரு மனிதன் பேச்சை மெல்ல இழந்துவருவது காதில் விழாமல் போகிறது. பாடல்கள் ஓரிரு அடிகளிலேயே நின்றுவிடுகின்றன. 'பீ மை வைஃப்' பாடலில் மனைவியாக இருக்கச் சொல்லும் வேண்டுகோள், விண்ணப்பப் படிவத்தை வாசிப்பதுபோன்ற குரலில் வருகிறது. இரண்டாம் பக்கத்தின் 'வார்ஷாவா'வில் எந்த மொழியிலும் இல்லாத சொற்களைப் போவி பாடுவது இதன் அடுத்த படிதான்.

லண்டனின் நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் வார இதழ் இதைவிட நேர்மையாக நடந்துகொண்டது. ஒரே இசைத்தட்டுக்கு எதிரெதிரான இரண்டு மதிப்புரைகளை வெளியிட்டது. இயன் மெக்டொனால்ட் லோவை அழகானது என்றார். அந்த நேரத்தில் சமகாலத்துக்கு உரிய ராக் இசைத்தட்டு அது ஒன்றே என்றும் கருதினார். சார்ல்ஸ் ஷார் மர்ரே அதை வெறுத்தார். ஒலி புதுமையானது என்பது அவருக்கும் தெரியும். செயலற்ற சிதைவையும் மரண வேட்கையையும் இந்த இசை அழகுபடுத்திக் காட்டுகிறது, துவண்டுபோய் வரும் கேட்பவருக்கு எதையும் கொடுப்பதில்லை என்பதே அவர் குற்றச்சாட்டு. பங்க் இசை தெருவில் கோபத்தோடு கத்திக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கோபப்படக்கூடத் தெம்பில்லாத ஒரு நட்சத்திரம், அந்தத் தெம்பின்மையையே கலையாக விற்கிறார் என்பது அற்பமான புகாரல்ல.

மர்ரே சரியாகக் கேட்டார், தவறாகத் தீர்ப்பளித்தார் என்றே தோன்றுகிறது. இசையில் இருக்கும் வெறுமையை அவர் கற்பனை செய்யவில்லை. ஆனால் வெறுமையைச் சொல்வது வேறு, அதைப் பரிந்துரைப்பது வேறு. 'ஆல்வேஸ் க்ராஷிங் இன் த சேம் கார்' ஒரே தவறைத் திரும்பத்திரும்பச் செய்பவனின் களைப்பு; அதில் கவர்ச்சி எங்கும் இல்லை. டேவிஸின் டிரம்ஸும் ஓயாமல் உயிரோடு துடித்துக்கொண்டிருக்கிறது. சிதைவை மட்டும் விரும்பிய ஒருவர் அந்தத் தாளத்தை விட்டுவைத்திருக்கமாட்டார்.

பிற்கால இடம்

லோவின் மதிப்பை மாற்றியவர்கள் விமர்சகர்களைவிட இசைக்கலைஞர்கள்தான். ஜாய் டிவிஷன் குழு, 'வார்ஷாவா'வை நினைவில்கொண்டு வார்சா என்ற பெயரில்தான் முதலில் இயங்கியது. ஃபிலிப் கிளாஸ் 1992இல் தன் முதல் சிம்பொனியை லோவை அடிப்படையாகக் கொண்டு எழுதினார். அதற்கு அவர் எடுத்த மூன்று இசைத்துண்டுகளில் இரண்டு பலரும் குறைத்து மதிப்பிட்ட இரண்டாம் பக்கத்தைச் சேர்ந்தவை. மூன்றாவது அதே பதிவுக்காலத்தில் விடுபட்டு, பின்னர் வெளிவந்த ஒன்று. 2004இல் பிட்ச்ஃபோர்க் 1970களின் நூறு இசைத்தட்டுகளில் லோவுக்கு முதலிடம் தந்தது.

அந்த முதலிடத்தோடு இன்னொன்றும் நடந்தது. பெர்லின், சுவர், ஈனோ, டிரம்ஸ் ஒலி என்று இன்றைய கட்டுரைகள் சொல்லும் கதையில் லோ ஒரு வெற்றிகரமான பரிசோதனை மட்டுமே. அதைக் கேட்டு ஒரு தேர்ந்த விமர்சகர் அச்சமும் கோபமும் கொண்டார் என்பது வேடிக்கைச் செய்தியாகச் சுருங்கிவிட்டது. முதன்முறை கேட்கப்போகும் மாணவர் மெக்டொனால்டின் மதிப்புரைக்கு முன்பு மர்ரேயின் மதிப்புரையைத் தேடிப் படிக்கலாம். 'சப்டெரேனியன்ஸ்' முடிவை நெருங்கும்போது சாக்ஸஃபோனுக்குப் பின்னால் கேட்கும் அந்தக் குரல்கள், அப்போது பின்னணி இசையாக மட்டும் கடந்துபோகாது.