பெர்மிட்டும் நோக்குநிலையும்

கணினியில் ஆடப்படும் காற்பந்து மேலாண்மை விளையாட்டும் ஒருவகைக் கதையே. 1992இல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்னும் பெயரில் தோன்றிய விளையாட்டில், ஆடுபவரே குழுவின் மேலாளர். யாவும் அவர் கண்வழியே நிகழ்கின்றன. இங்கிலாந்துக் குழுவொன்றில் வெளிநாட்டு ஆட்டக்காரரைச் சேர்க்க வேலை பெர்மிட் வேண்டும். அது மறுக்கப்படின் மேலாளர் வேறொருவரைத் தேடுவார். மறுக்கப்பட்டவன் என்ன ஆனான்? கதை அவனைப் பின்தொடர்வதில்லை.

இக்குறையை மலேசியத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. குடியுரிமையற்றோர் பெர்மிட் பெற்றே பணிபுரிய வேண்டும் என்றது 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சிவப்பு அடையாள அட்டையுடன் தோட்டங்களில் உழைத்த தமிழர் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். தோட்ட அலுவலகத்தின் பதிவேட்டில் அது ஆட்குறைவு. லயத்திலோ, குடியுரிமை பெற்ற மகன் இங்கே. பெறாத தந்தை 'ரஜூலா' கப்பலில். அந்தத் தந்தையின் பக்கம் நின்று எழுதப்பட்ட கதைகளையே நாம் இலக்கியமென்று போற்றுகிறோம். அது சரியே.

ஆயின் இன்று? திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலும் கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளிலும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். அவர்தம் பெர்மிட் ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டது. அவரை விட்டு விலகின் அதுவும் போம். நான் படித்த அண்மைச் சிறுகதைகளிலோ அத்தொழிலாளி பெயரின்றிச் சாலையோரம் கடந்துபோகிறான். சில கதைகளில் களவுக்கு ஐயுறப்படவே வருகிறான். நோக்குநிலை மேலாளருடையதாகிவிட்டது. லயத்திலிருந்து எழுதத் தொடங்கிய நாம் எப்பொழுது அலுவலகத்துள் புகுந்தோம்?